ஆளுக்கு இனாம், போசிக்கு டிக்கெட்

(கோவை சிங்காநல்லூரில் குடியிருப்போர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். மேடையில் நேரமில்லாமல் விட்ட ஒன்றிரண்டை இதில் சேர்த்திருக்கிறேன்.)

கூட்டத்தின் தலைவர் ஐயா அவர்களே, மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, ஓய்வுபெற்ற பொறியாளர் அவர்களே, மில் தொழிற்சங்கத்தின் மூத்த தோழர் அவர்களே, வியாபாரிகள் சங்கத்துப் பெரியவர்களே, பின்னால் நின்றுகொண்டிருக்கிற தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கமுங்க. தாய்மார்கள் முன்னால் வந்து உட்காருங்கள். இந்த நாலு நாற்காலியும் அமைச்சருக்கும் அவரோடு வருகிறவர்களுக்கும் போட்டது. இனி அவர் வரமாட்டார் என்று தலைவரே தலையாட்டிவிட்டார்.

பொன்னாடைக்குப் பதிலாகச் சென்னிமலைப் போர்வை போர்த்திய அண்ணனுக்குத் தனியாக ஒரு நன்றி. மார்கழிக் குளிருக்கு ஆகும், நெசவாளிக்கும் நாலு காசு போகும். நமது பொறியாளர் ஐயாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வீட்டுக்குப் போய் எனக்குத் தூக்கம் வராது. பில் கலெக்டர் முதல் கமிஷனர் வரை யாரிடமும் குரலை உயர்த்தாமல் காரியம் முடிக்கத் தெரிந்தவர். அந்த வித்தை எனக்கு இன்னும் வரவில்லை.

"பிரிந்து கிடக்கும் நகரத்தை எல்லோருக்குமான நகரமாக்குவது எப்படி" என்பது கொடுத்த தலைப்பு. மூன்று செய்தி சொல்லலாம் என்று வந்தேன்: வேலை, வீடு, வழி. என் பேச்சைக் கேட்டவர்களுக்குத் தெரியும், எங்கே தொடங்கினாலும் ஒரு பழமொழியில் வந்து நிற்பேன். ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும்.

முதலில் வேலை. கோயமுத்தூர் தேய்கிறது என்று சொன்னால் சிரிக்கிறார்கள். ஐ.டி. கம்பெனி வருகிறது, ஆஸ்பத்திரி வருகிறது, அவிநாசி ரோட்டில் பத்து கிலோமீட்டருக்கு மேம்பாலம் வந்துவிட்டது, எங்கே தேய்கிறது என்கிறார்கள். இந்தப் பக்கம் வந்து பார்க்கச் சொல்லுங்கள். 1888இல் ஸ்டேன்ஸ் துரை ஆரம்பித்த மில், 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் திருச்சி ரோட்டிலும் அவிநாசி ரோட்டிலும் எழும்பிய மில்கள், இவற்றின் சங்குச் சத்தத்துக்கு எழுந்து அடுப்புப் பற்றவைத்த ஊர் இது. ரங்கவிலாஸ் மில் தொழிலாளிகள், சின்னியம்பாளையத்துத் தோழர்கள் நாலு பேரை 1946 ஜனவரி 8ஆம் தேதி கோவைச் சிறையில் தூக்கில் போட்டார்கள். அந்த ரங்கவிலாஸ் பின்னால் மத்திய அரசின் தேசிய ஜவுளிக் கழகமான என்.டி.சி. கைக்குப் போனது. 2020 மார்ச் ஊரடங்கில் பங்கஜா, கம்போடியா, முருகன் மில்களோடு அதையும் நிறுத்தினார்கள். ஊரடங்கு போய்விட்டது, மில் பழையபடி ஓடவில்லை. மூத்த தோழர் இதைப் பற்றி எனக்கு அப்புறம் பேசுவார், என்னைவிட நன்றாகவும் பேசுவார். அதனால் வேலையை அவருக்கு விட்டுவிடுகிறேன்.

பிரிவு என்று சொன்னால் இந்த ஊருக்கு 1997 நவம்பர்க் கலவரமும் 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பும் ஞாபகம் வராமல் இருக்காது. அதற்குப் பிறகு, முஸ்லிம்கள் அதிகம் வாழும் கோட்டைமேட்டை விலாசமாகச் சொன்னாலே வேலை கிடைக்காமல் அலைந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதே ஊரில்தான் மாசி மாதம் கோனியம்மன் தேர் வருகிறபோது ஒப்பணக்கார வீதியில் பள்ளிவாசல்காரர்கள் பக்தர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்கிறார்கள். இதைப் பெரிய சமாதானக் காவியமாக நான் சொல்ல மாட்டேன். மாசி வெயில், தாகம், தண்ணீர் கொடுக்கிறார்கள், வாங்கிக் குடிக்கிறார்கள். ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும் என்றால் கூடுகிற இடத்துக்கு எல்லோரும் வந்து சேரவேண்டும் அல்லவா? அங்கேதான் வீடும் வழியும் வருகிறது.

உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், முத்தண்ணன்குளம் கரைகளில் இருந்த குடும்பங்களைக் கீரணத்தத்துக்கும் மலுமிச்சம்பட்டிக்கும் கோவைப்புதூருக்கும் மாற்றினார்கள். குளத்தைக் காப்பாற்ற வேண்டாம் என்று சொல்பவன் நான் இல்லை. கரையில் இப்போது நடைபாதை இருக்கிறது, விளக்கு இருக்கிறது, செல்ஃபி எடுக்க எழுத்து நிற்கிறது. ஆனால் அந்தக் கரையில் இருந்து ஆர்.எஸ்.புரத்துக்கு நடந்தே வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு நாலு மாடியில் வீடு கொடுத்தவர்கள், வேலைக்குப் போக பஸ் கொடுத்தார்களா?

இங்கே ஒரு கதை. மலுமிச்சம்பட்டி அடுக்குமாடியில் ஒரு அம்மா. குளக்கரையில் இட்லி, சந்தகை போட்டுப் பிழைத்தவர். மாற்றிய பிறகும் உக்கடத்து வாடிக்கையை விட மனசில்லை. விடியக்காலம் இட்லிப் போசியை, அதாவது பாத்திரத்தை, தலையில் வைத்து, சட்னித் தூக்கைக் கையில் பிடித்து, பொள்ளாச்சி ரோடு வரை நடந்து வந்து டவுன் பஸ் ஏறுகிறார். கண்டக்டர் சின்னப் பையன், வேலைக்குப் புதுசு.

"அம்மா, போசிக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கணுமுங்க."

"ஏனுங்க தம்பி, பொம்பளைங்களுக்கு இனாம்னு எழுதியிருக்குதே?"

"உங்களுக்கு இனாமுங்க. போசிக்கு இல்லீங்க."

"அப்ப போசி என்ன ஆம்பளையா?"

பஸ்ஸே சிரிக்கிறது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரிக்கிறார். பையன் முகம் சிவந்துவிட்டது. "செக்கிங் வந்தா என் வேலை போயிருமுங்க" என்கிறான். ஈச்சனாரி தாண்டியாச்சு, சுந்தராபுரம் வந்தாச்சு, வழக்கு தீரவில்லை. பூக்கூடை வைத்திருந்த இன்னொரு அம்மா, "என் கூடைக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்லிருங்க சாமி" என்று நடுவில் புகுந்தார். வேலைக்குப் போகிற வடக்கத்திப் பையன் ஒருவன், விஷயம் என்னவென்றே புரியாமல், தன் சில்லறையை எடுத்து நீட்டினான். கடைசியில் ஆத்துப்பாலத்தில் அந்த அம்மாவே முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசைக் கொடுத்தார். டிக்கெட் கிழித்தாயிற்று.

உக்கடத்தில் பஸ் நின்றது. பையனுக்குப் பசி. அந்த அம்மாவின் கடையிலேயே நாலு இட்லி தின்றான். "எவ்வளவுங்கம்மா?" என்றான்.

"இட்லி இனாமுங்க தம்பி. சட்னிக்குத்தான் காசு."

(கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. தலைவர் மணியைத் தொட்டுப் பார்த்ததும் அப்போதுதான்.)

சிரித்துவிட்டோம், சரி. அந்த அம்மா இப்போது உக்கடம் போவதில்லை. விடியக்கால வண்டி ஒருநாள் வரும், ஒருநாள் வராது. வராத நாளில் ஆட்டோ பிடித்தால் இட்லி லாபம் ஆட்டோவுக்கே போய்விடும். வீட்டில் உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருக்கிறார்.

2021 மே மாதம் வந்த மகளிர் இலவசப் பயணம் நல்ல திட்டம், நான் கைதட்டி வரவேற்றவன். ஆனால் அது அரசாங்கத்தின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்கு மட்டும்தான். நம் ஊரில் தனியார் டவுன் பஸ்ஸும் ஓடுகிறது, அதில் பெண்களுக்கும் டிக்கெட்டுத்தான். தனியார் வண்டி மட்டும் வருகிற ஸ்டாப்பில் நிற்கிற பெண்ணுக்கு அந்தத் திட்டம் பேப்பரில் படிக்கிற செய்தி. மேம்பாலம் கட்டினார்கள், காரில் போகிறவர்கள் வாழட்டும். பாலத்து மேலே ஸ்டாப்பிங் கிடையாது, பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் கீழேதான் நிற்கிறார்கள். மெட்ரோ வருமா வராதா என்று பட்டிமன்றம் நடத்துகிறோம், வரும்போது வரட்டும். பஸ்ஸுக்குப் பத்து வருடம் திட்ட அறிக்கை எழுதவேண்டியதில்லை. டெப்போவில் மனசு வைத்தால் அடுத்த வாரமே விடலாம்.

மனுவில் கேட்பது இவ்வளவுதான். கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, கோவைப்புதூர் குடியிருப்புகளின் வாசலில் இருந்தே விடியக்காலம் நாலரைக்கு ஒரு வண்டி கிளம்பவேண்டும், மெயின் ரோட்டில் இருந்து அல்ல. காந்திபுரத்தில் இருந்து ராத்திரி பத்துக்கு மேல் ஒரு வண்டி திரும்பவேண்டும், ஞாயிற்றுக்கிழமையும். தனியார் வண்டி மட்டும் ஓடுகிற தடத்தில் அரசு வண்டி ஒன்றாவது வேண்டும். போசி, பூக்கூடை, கீரைக்கட்டுக்கு லக்கேஜ் டிக்கெட் வேண்டாம்.

நொய்யலைப் பற்றியும் வெள்ளலூர் குப்பைமேட்டைப் பற்றியும் குறித்து வைத்திருந்தேன். தலைவர் இரண்டாவது மணி அடித்துவிட்டார். வியாபாரிகள் சங்கத்துப் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ராத்திரி கடை சாத்திவிட்டு உங்கள் கடைப் பெண்கள் எப்படி வீட்டுக்குப் போகிறார்கள் என்று ஒருநாள் கேளுங்கள், அப்புறம் முதல் கையெழுத்தை நீங்கள்தான் போடுவீர்கள். ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும், வடம் பிடிக்க முதலில் பஸ் வரணும்.

மனுத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசில் கொடுக்கிறோம், காலை பத்து மணிக்கு வந்துவிடுங்கள். பேனா ஒன்றுதான் இருக்கிறது, கையெழுத்துப் போட்டதும் மறக்காமல் வைத்துவிட்டுப் போங்கள். வணக்கம்.