கூரையில்லாத கோவில்

நேயர்களுக்கு வணக்கம்.

தனுஷ்கோடிக்குப் போகிறேன் என்று சொன்னதும், ராமேசுவரத்தில் நான் தங்கியிருந்த விடுதிக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இருட்டிய பிறகு இடிந்த தேவாலயத்தின் பக்கம் அழுகுரல் கேட்குமாம். இல்லாத தண்டவாளத்தில் ரயில் ஊதுமாம். பொழுது சாய்ந்தால் போலீசார் யாரையும் அங்கே நிற்கவிடாமல் திருப்பி அனுப்புவதே அதனால்தானாம். கேலியாகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார்.

மறுநாள் மதியம் பஸ் ஏறினேன். 2017 வரை முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும், அதற்கப்பால் மணலிலும் தண்ணீரிலும் வேன்கள்தான் ஆட்களை ஏற்றிச் செல்லும். இப்போது அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. இடப்பக்கம் அலையடங்கிக் கிடக்கும் கடலை அங்குள்ளவர்கள் பெண்கடல் என்கிறார்கள். வலப்பக்கம் கரையை அறைந்துகொண்டே இருப்பது ஆண்கடல். இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிய மணல்திட்டு. அதன்மேல், மண்டபத்தின் முதுகெலும்பு மட்டும் மிஞ்சியதுபோல அந்தத் தேவாலயம் நிற்கிறது.

கூரை கிடையாது. பக்கச் சுவர்களில் பாதி இல்லை. பீடம் இருந்த இடத்துச் சுவரும் அதன் வளைவும் நிற்கின்றன. கிட்டப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். செங்கல் அல்ல, கடலிலிருந்து எடுத்த பவளக்கல். ஒரு கல்லில் தேனடைபோல நுண்ணிய அறைகள், பக்கத்துக் கல்லில் நெளிநெளியான வரிகள். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடங்களில் எல்லாம் கடல் தன் கையெழுத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. விரலை எடுத்தால் நுனியில் வெள்ளைப்பொடி, உப்புச் சுவை. அதே கல்லின்மேல் ஆணியால் கீறி எழுதப்பட்ட காதலர் பெயர்களையும் பார்த்தேன். நெஞ்சு கொதித்தது. இங்கே ஒரு துண்டைப் பெயர்த்தெடுத்து நினைவுப்பொருளாகப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்களும் உண்டு. நேயர்களே, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

காற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். இரண்டு கடலுக்கும் இடையில் தடுக்க ஒரு குன்றுகூட இல்லாததால் அது நேரே வந்து மோதுகிறது. வளைவுக்குள்ளும் சன்னல் பொந்துகளுக்குள்ளும் நுழையும்போது சில நேரம் தாழ்ந்த முனகலாகவும், சில நேரம் நீண்ட ஊதலாகவும் கேட்கிறது. பட்டப்பகலில் கேட்டபோதே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. விடுதிக்காரர் சொன்ன அழுகுரலும் ரயில் ஊதலும் இந்தக் காற்றாக இருக்கலாம். ஆனால் காற்று என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடுமா?

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு தனுஷ்கோடி ஒரு வாசல். எழும்பூரில் போட் மெயில் ஏறினால் இங்கே வந்து இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னாருக்குக் கடந்து, அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்புக்குப் போகலாம். ரயில் நிலையம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், சுங்க அலுவலகம் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் ரயிலைத் தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில் கடல் அப்படியே வாரிக்கொண்டு போயிற்று. அந்தப் புயலில் இறந்தவர்கள் 1,800 பேர் இருக்கும் என்பது மதிப்பீடு. ஊர் வசிக்கத் தகாதது என்று அரசு அறிவித்துவிட்டது.

நாளை எண்ணிப் பாருங்கள். கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசைக்கு இரண்டே இரவுகள் இருந்தன. பண்டிகைக்குப் புதுத்துணி எடுத்து வைத்திருந்த வீடுகள் எத்தனையோ!

தேவாலயத்தை ஒட்டி ஓலைக்கொட்டகையில் சங்கும் சிப்பியும் விற்றுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் உட்கார்ந்தேன். வசிக்கத் தகாத ஊரில் வசிக்கிறவர்கள் இவர்கள்தான். மணலைக் கையால் தோண்டி ஊற்றெடுத்த நல்ல தண்ணீரை ஒரு செம்பில் கொடுத்தார். ஆண்கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, தண்ணீரில் துளி உப்பு இல்லை. தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்: "இங்கே பேய் இருப்பதாகச் சொல்கிறார்களே, அம்மா?"

அவர் கோபப்படவில்லை. "தம்பி, எங்கள் ஐயா அந்த ராத்திரியில் போனவர். உடம்பு கிடைக்கவில்லை. எனக்கு அப்போது ஐந்து வயது, முகம் நினைவில் இல்லை. பேயாகவாவது ஒருநாள் வந்து நின்றிருந்தால் பார்த்திருப்பேனே" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. பேய்க்கதையை நாம் பயத்தோடு சொல்கிறோம், அவர் அதை ஏக்கத்தோடு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். புதைக்க உடல் இல்லை, பூ வைக்க ஒரு மேடு இல்லை. அப்படிப் போனவர்களை எங்கே தேடுவது? காற்றில்தான் தேடவேண்டும். வெளியூர்க்காரர் காதில் அது அழுகுரலாக விழுகிறது.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். ஊரெல்லாம் கல்லறைத் தோட்டத்துக்கு மெழுகுவத்தியோடு போகும் நாள். "நீங்கள் எங்கே போவீர்கள்?" என்று கேட்டேன். அவர் தலையைத் திருப்பி அந்தப் பீடத்துச் சுவரைக் காட்டினார். கீழ்வரிசையில் ஒரு பவளக்கல்லின் குழிவில் உருகி உறைந்த மெழுகு, ஒன்றின்மேல் ஒன்றாகப் பல அடுக்கு. காற்றுப் படாத இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்.

கடைசி பஸ் ஹார்ன் அடித்தது. செம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சங்குகளைச் சாக்கில் அள்ளத் தொடங்கினார்.