கல்விக் கடன்: கட்டுவதா, தள்ளிப்போடுவதா?

நேயர்களுக்கு வணக்கம். வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் ஒரு பையனோ பெண்ணோ ஓரமாகக் கூப்பிட்டு, "சார், காலேஜ் லோன் அப்படியே கிடக்கு. இப்பவே கட்டணுமா, கொஞ்ச நாள் விடலாமா?" என்று கேட்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்ஜினியரிங் படிக்க வருடம் 1 லட்சமாக, நான்கு வருடத்தில் 4 லட்சம் வாங்கியிருக்கிறீர்கள். வட்டி 11 சதவீதம். படிக்கும் காலத்திலும் அதற்கடுத்த ஒரு வருடமும் தவணை இல்லை. ஆனால் தனிவட்டி ஓடும். தவணை தொடங்கும் நாளில் கடன் 5,54,000 ரூபாயாக நிற்கும். அதற்கு மாத வட்டியே 5,000 ரூபாயைத் தாண்டும். மாதம் 5,000 கட்டினால்கூட அசலில் ஒரு ரூபாய் குறையாது என்றால், எதுவுமே கட்டாமல் விட்டால் என்ன ஆகும்!

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தவர்களுக்காக 2009-இல் மத்திய அரசு வட்டி மானியம் கொண்டுவந்தது. தகுதி இருந்தால், அது உங்கள் கணக்கில் வரவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வேலை கிடைக்காதவர் தள்ளிப்போடுவதில் தவறே இல்லை. ஆனால் வங்கியிடம் சொல்லிவிட்டுத் தள்ளிப்போடுங்கள். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் அது வாராக்கடன். கடனில் அப்பாவும் கையெழுத்துப் போட்டிருப்பார், கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று வங்கிகள் பார்க்கும் அவருடைய சிபில் பதிவும் கெடும். மகனின் கல்விக் கடனுக்காகத் தங்கைக்குக் கடன் மறுக்கப்பட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? அதனால் கெடு தாண்டுவதற்கு முன்பே கிளைக்குப் போய், தவணைக் காலத்தை நீட்டித் தரும்படி எழுதிக் கொடுங்கள். அந்தக் கடிதத்தின் நகலில் வங்கி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

தேர்தல் வந்தால் தள்ளுபடி வரும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. வாக்குறுதியை நம்பி நீங்கள் காத்திருக்கும் மாதங்களுக்கும் சேர்த்துத்தான் வங்கி வட்டி போடும்.

சரி, இப்போது சம்பளம் வருகிறது. முதலில் கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அதை அடைத்துவிடுங்கள், அதன் வட்டி இதைவிடப் பல மடங்கு. அப்புறம் கல்விக் கடன் தவணையோடு கையில் இருப்பதைக் கூடுதலாகக் கட்டுங்கள். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைத்தாலும் அபராதம் கிடையாது. வருமான வரியில் பழைய முறையில் இருப்பவர்களுக்கு, கட்டிய வட்டி முழுவதற்கும் 80இ பிரிவில் எட்டு வருடம் வரை கழிவு உண்டு. அதற்காக மட்டும் கடனை இழுத்தடிக்க வேண்டாம். மிச்சமாகும் வரி, கட்டும் வட்டியில் ஒரு பகுதிதான்.

பாதித் தொகை வாங்கிக்கொண்டு கணக்கை முடிக்கிறோம் என்று வங்கி கூப்பிட்டால் யோசியுங்கள். சிபிலில் 'முழுதும் கட்டப்பட்டது' என்று வராது, 'செட்டில்டு' என்றுதான் வரும். பின்னால் வீட்டுக் கடனுக்குப் போகும்போது அது குறுக்கே நிற்கும். வேறு வழியே இல்லாதவர் மட்டும் அதை ஏற்கலாம்.

வசூல் முகவர்களுக்குப் பயந்து போனை அணைத்து வைக்காதீர்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அவர்கள் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. மீறினால் உங்கள் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. வணக்கம்.