ஒரே ரயில் பாதையில் ஒரு நாள்: ஃபுஷிமி இனாரியும் நாராவும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பான் பயணத்தில் தனியாகச் சுற்ற ஒரு நாள் கிடைத்தால், கியோட்டோ நகரப் பேருந்துகளில் கோயில் கோயிலாக அலைய வேண்டாம். நெரிசலில் நின்றே பாதி நாள் போய்விடும். ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நாரா ரயில் பாதை ஒன்றே போதும்: காலையில் ஃபுஷிமி இனாரி ஆலயம், மதியத்துக்கு மேல் நாரா நகரம்.

பெட்டியைத் தங்கும் விடுதியிலேயே விட்டுவிடுங்கள். தனியாகப் போகும்போது வழியில் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ரயில் நிலைய லாக்கர்களோ காலையிலேயே நிரம்பிவிடும்.

கியோட்டோ நிலையத்தில் நாரா ரயில்கள் 8, 9, 10 ஆகிய நடைமேடைகளில் புறப்படும். இனாரி இரண்டாவது நிறுத்தம், ஐந்து நிமிடப் பயணம். பலர் தவறுவது இங்கேதான். மியாகோஜி என்ற விரைவு ரயில் இனாரியில் நிற்காது. சாதாரண ரயிலில்தான் ஏற வேண்டும்.

ஆலயத்துக்குக் கட்டணம் இல்லை, பூட்டும் நேரமும் இல்லை. ஆகவே ஏழு மணிக்கே போய்விடுங்கள். ஒன்பதுக்கு மேல் தோரி எனப்படும் செந்நிற மர வாயில்களின் வரிசைக்குள் ஆள் இல்லாமல் படம் எடுப்பது கடினம். ஏறும்போது வெறும் தூண்களாகத் தெரிபவற்றைத் திரும்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் நன்கொடையாளர் பெயரும் நிறுவிய தேதியும் செதுக்கியிருக்கும். தூண்கள் மரம் என்பதால் மழையில் அடிப்பாகம் உளுத்துப்போகும். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை நடுவார்கள். அதனால்தான் வெளுத்ததும் பளபளப்பதும் அடுத்தடுத்து நிற்கின்றன.

அடிவாரத்திலிருந்து அரைமணி, முக்கால் மணி ஏறினால் யோட்சுட்சுஜி என்ற நாற்சந்தி. நகரம் விரிந்து தெரியும் இடம் அதுதான். 233 மீட்டர் உயர உச்சியில் மரங்கள் மறைத்துவிடும், காட்சி கிடையாது. நாராவுக்கும் போக வேண்டியவர்கள் நாற்சந்தியிலேயே திரும்பிவிடலாம்.

மீண்டும் சாதாரண ரயிலில் ஏறி, வழியில் உள்ள ஊஜி நிலையத்தில் விரைவு ரயிலுக்கு மாறினால் நேரம் மிச்சம். ஊஜியில் இறங்கி பியோடோயின் ஆலயத்தையும் பார்க்க ஆசை வரும். அருமையான இடம்தான், ஆனால் மூன்றையும் ஒரே நாளில் திணித்தால் எதுவும் மனதில் நிற்காது.

நாரா பூங்காவில் திரியும் மான்களிடம் கவனம் தேவை. ஷிகா செம்பேய் என்ற மான் பிஸ்கட்டை மட்டும் கொடுங்கள். அரிசித் தவிடும் மாவும் கலந்து செய்தது. ரொட்டி, சிப்ஸ் எதுவும் கூடாது. வாங்கும் முன் வரைபடம், டிக்கெட் எல்லாவற்றையும் பைக்குள் போடுங்கள், காகிதத்தையும் தின்றுவிடும். பிஸ்கட்டைக் காட்டிக்காட்டி இழுத்தடித்தால்தான் மான் கடிக்கும், முட்டும். சட்டென்று கொடுத்துவிட்டு, தீர்ந்ததும் இரு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுங்கள், பெரும்பாலும் விலகிப்போகும். இலையுதிர் காலத்தில் ஆண் மான்களை நெருங்க வேண்டாம், அது அவற்றின் இணைசேரும் பருவம்.

தோடைஜி ஆலயத்தின் தெற்குப் பெருவாயிலில் மான் கூட்டத்தையே பார்த்தபடி பலர் கடந்துவிடுகிறார்கள். இருபுறமும் அண்ணாந்து பாருங்கள். எட்டு மீட்டருக்கும் மேல் உயரமான காவல் தெய்வங்கள், 1203-இல் உன்கெய், கைகெய் ஆகியோரின் சிற்பக்கூடத்தில் 69 நாட்களில் செதுக்கிய மரச்சிலைகள். உள்ளே பெரிய புத்தர், சுமார் 15 மீட்டர். 752-இல் இந்தச் சிலைக்குக் கண் திறந்தவர் இந்தியத் துறவி போதிசேனர். இப்போதைய மண்டபம் 1709-இல் முடிந்தது. 57 மீட்டர் அகலம், முந்தையது இதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அகலமானது. நுழைவுக் கட்டணம் 800 யென். குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே மூடிவிடுவார்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் உடோன் நூடுல்ஸை நம்ப வேண்டாம். காய்கறி மட்டும் மிதந்தாலும் குழம்பின் அடிப்படை பெரும்பாலும் மீன் சாறுதான். உப்பிட்ட உமே பழம் வைத்த ஒனிகிரி என்ற சோற்று உருண்டை கையில் இருக்கட்டும். பூங்காவில் குப்பைத்தொட்டி அரிது, ஒரு காலிப் பையும் தேவை.

திரும்பும்போது பூங்காவுக்கு அருகில் இருப்பது கின்டெட்சு என்ற வேறொரு தனியார் ரயில் நிறுவனத்தின் நாரா நிலையம். ஜேஆர் பாஸ் அங்கே செல்லாது. இகோகா என்ற, முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும் பயண அட்டையைத் தட்டி ஏறலாம். சிறப்பு விரைவு ரயிலுக்கு மட்டும் தனிக் கட்டணச் சீட்டு வாங்க வேண்டும். சாதாரணக் கட்டண ரயில் என்றால், பெரும்பாலும் யமாடோ-சாய்தாய்ஜியில் இறங்கி கியோட்டோ ரயிலுக்கு மாற வேண்டியிருக்கும்.