எங்கே இருந்து வந்தது இந்தக் கருவி?

வணக்கம் நேயர்களே. கோவையில் கணபதிப் பக்கம் ஒரு சின்ன அறையில், பிறர் கைவிட்ட மின்னணு அளவுக் கருவிகளைப் பழுது பார்த்து வருகிறேன். ஆசிலோஸ்கோப் (மின் அலையைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி, சுருக்கமாக ஸ்கோப்), சிக்னல் ஜெனரேட்டர், மேசை மல்டிமீட்டர், லேப் பவர் சப்ளை இவைதான் அதிகம் வரும். புதிதாக வாங்க முடியாத மாணவர்களுக்கும், சொந்தமாகத் தொழில் தொடங்கும் தம்பிகளுக்கும் பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும் ஒரு ஸ்கோப் பெரிய சொத்து. அதனால்தான் இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது.

கடைக்காரரிடம் விலை கேட்கும் முன்பே நான் கேட்பது, "இது எங்கே இருந்ததுங்க?" என்றுதான். பதில் தெரிந்தால் பாதி நோய் தெரிந்த மாதிரி.

ஸ்பின்னிங் மில்லில் இருந்து வந்ததென்றால் மூடியைக் கழற்றியதும் பஞ்சு தெரியும். விசிறியிலும், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளின் இடுக்கிலும் மெத்தை போல அடைத்திருக்கும். காற்று போகாததால் பெட்டிக்குள் சூடு ஏறி, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் மெல்ல வறண்டுவிடும். சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. ஃபவுண்டரியில் இருந்த கருவி வேறு மாதிரி. அங்கே பறக்கும் கரித்தூளும் இரும்புத்தூளும் மின்சாரத்தைக் கடத்தும். ஸ்கோப்பின் இன்புட்டில் மின்தடை 10 லட்சம் ஓம். அந்த இடத்தில் இந்தத் தூசி படிந்தால், ஒன்றுமே இணைக்காதபோதும் கோடு மேலும் கீழும் நகரும். மழைக்காலத்தில் இன்னும் மோசம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும் கொண்டு கழுவியதிலேயே சரியான கருவிகள் என்னிடம் உண்டு. திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறையில் இருந்தவற்றில் ஆவியும் ஈரமும் சேர்ந்து ரேஞ்ச் சுவிட்சின் முனைகளைக் கறுக்க வைத்திருக்கும். குமிழைத் திருப்பும்போது அளவு துள்ளினால் முதலில் சுவிட்சைச் சந்தேகப்படுங்கள். கல்லூரி லேபில் இருந்தது என்றால் இன்புட் பகுதியைப் பாருங்கள். யாரோ ஒரு மாணவர் தெரியாமல் மெயின்ஸைத் தொட வைத்திருப்பார்.

சரி, கருவி மேசைக்கு வந்துவிட்டது. உடனே பிளக்கைச் சொருகாதீர்கள். வெளிநாட்டில் இருந்து வந்ததானால் பின்பக்கத்து வோல்டேஜ் சுவிட்ச் 110-இல் நிற்கிறதா, 230-இல் நிற்கிறதா என்று பாருங்கள். வீங்கிய கெப்பாசிட்டர், கருகிய ரெசிஸ்டர், கசிந்த பேட்டரி இவற்றைக் கண்ணும் மூக்குமே காட்டிக்கொடுக்கும். முதல்முறை உயிர் கொடுக்கும்போது 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை சீரிஸில், அதாவது மின்சாரம் பல்பின் வழியாகவே கருவிக்குப் போகும்படி போடுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், கருவி தப்பிக்கும். பழைய ஸ்கோப்பின் பிக்சர் ட்யூப் பகுதியில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் நிற்கும். பழகிய ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அங்கே கை வைக்க வேண்டாம்.

அடுத்து சப்ளை வோல்டேஜ்கள், அதாவது உள்ளே இருக்கும் பகுதிகளுக்குப் போகும் வோல்டேஜ்கள். திரையில் கோடு வரவில்லையா, அளவு தப்பாகக் காட்டுகிறதா, குறை எதுவாக இருந்தாலும் இதைத்தான் முதலில் அளக்க வேண்டும். ஒரு வேலையை விரிவாகச் சொல்கிறேன்.

உக்கடத்தில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கிய இரட்டைச் சேனல் ஸ்கோப் அது. "ஏனுங்க, உள்ளே எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க, கோடு மட்டும் வரலீங்க" என்றார் கடைக்காரர். அவர் சொன்னது கிட்டத்தட்ட உண்மை. மற்ற சப்ளைகள் சரியாக இருந்தன. 15 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் அரை வோல்ட்கூட இல்லை. அணைத்துவிட்டு அந்த லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஓம் பார்த்தால், ஒரு ஓம்கூடத் தேறவில்லை; எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது. அந்த லைனில் டான்டலம் என்ற உலோகத்தால் ஆன பன்னிரண்டு கெப்பாசிட்டர்கள், பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி. ஒவ்வொன்றாகக் கழற்றினால் பழைய போர்டின் செம்புத்தடம் பெயர்ந்து வந்துவிடும்.

அதனால் வெளியிலிருந்து ஒரு சப்ளையை ஒரு ஆம்பியருக்குக் கட்டுப்படுத்தி அந்த லைனில் கொடுத்தேன். கருப்பு முனையை கிரவுண்டில் வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வொரு கெப்பாசிட்டராகத் தொட்டு மில்லிவோல்ட் எழுதினேன். நுழையும் இடத்தில் 340. அடுத்து 328, 317, 309. அதற்குப் பிறகு எங்கே தொட்டாலும் 309. கரண்ட் ஓடும் வரைதான் தடத்தில் வோல்டேஜ் குறையும்; குறைவது நின்ற இடத்தில் கரண்ட் கிரவுண்டுக்குள் இறங்குகிறது. முதலில் 309 காட்டிய அந்த ஒரு கெப்பாசிட்டரை மட்டும் எடுத்தேன், ஷார்ட் போய்விட்டது. அது 20 வோல்ட் தாங்கும் டான்டலம், 15 வோல்ட் லைனில் இத்தனை வருடம் உழைத்திருக்கிறது. டான்டலத்துக்கு அந்த இடைவெளி போதாது. இரண்டு மடங்காவது வேண்டும். 35 வோல்ட் தாங்குவதைப் போட்டேன். திரையில் பச்சைக் கோடு வந்தபோது பக்கத்தில் நின்ற என் மகன் கைதட்டினான்.

எலக்ட்ரோலிட்டிக் வறண்டால் இப்படி ஒரேயடியாக நிற்காது. சப்ளையில் 100 ஹெர்ட்ஸ் அலை ஏறி, கோடு மெல்ல ஆடும். அதற்காக ஒன்று விடாமல் எல்லா கெப்பாசிட்டரையும் மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. கெப்பாசிட்டரின் உள்தடையைக் காட்டும் ஈஎஸ்ஆர் மீட்டரால் அளந்து, கெட்டதை மட்டும் மாற்றினால் புதுத் தவறு நுழையாது.

இன்னொன்றை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். உள்ளே இருக்கும் ப்ரீசெட்டுகளை, அதாவது அளவைத் திருத்தி வைக்கும் சின்னத் திருகுகளைத் திருப்பாதீர்கள். தொடங்கிய காலத்தில் ஒரு நல்ல மல்டிமீட்டரில் நான் அப்படித் திருப்பினேன். உண்மையான குறை ஒரு வறண்ட சோல்டர் முனை. அதைச் சரிசெய்த பிறகும் அளவு தப்பாகவே இருந்தது. ஒப்பிட்டுத் திருத்த, துல்லியமான ஒரு மூல வோல்டேஜைத் தேடி இரண்டு மாதம் அலைந்தேன். அதேபோல, சில டிஜிட்டல் கருவிகளின் திருத்த அளவுகள் உள்ளே ஒரு லித்தியம் செல்லின் தயவில் நினைவில் நிற்கும். அந்தச் செல்லைச் சும்மா கழற்றினால் எல்லாம் அழியும். மாற்றும் நேரத்தில் வேறொரு செல்லை இணையாகக் கொடுத்துத்தான் மாற்ற வேண்டும்.

கடைசியாக, மூடியைப் போட்டு நாலு மணி நேரம் ஓடவிடுங்கள். திறந்த பெட்டியில் நன்றாக ஓடுவது, மூடியதும் சூட்டில் சில சமயம் மறுபடி படுத்துவிடும். ஸ்கோப்பாக இருந்தால் முன்பக்கம் ஒரு சின்னக் கொக்கியில் சதுர அலை வரும். ப்ரோபை (அளக்கும் முனையுள்ள கம்பியை) அதில் மாட்டி, சூடேறுவதற்கு முன்னும் பின்னும் உயரம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால்தான் அந்தக் கருவியை நான் ஒரு மாணவர் கையில் கொடுப்பேன். நன்றி, வணக்கம்.