ஆண்டவரே, நானோ?

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே,

இந்த லெந்து நாட்களில் ஒரு மர்ம நாவல் படித்தேன் என்று தொடங்கியதுமே சிலருடைய முகத்தில் ஒரு கேள்வி தெரிகிறது. கொலையும் இரத்தமுமான புத்தகம் விசுவாசிக்கு எதற்கு? நியாயமான கேள்விதான். ஆனால் வேதத்தைத் திறந்து நான்காம் அதிகாரத்துக்கு வந்ததுமே ஒரு கொலை நடந்துவிடுகிறது. வயல்வெளி, பார்த்த மனிதர் எவருமில்லை. "உன் சகோதரனாகிய ஆபேல் எங்கே" என்று ஒரு விசாரணை, "நான் அறியேன்" என்று ஒரு பொய். மனிதனுடைய இருட்டைப் பார்க்க வேதம் கூசவில்லை. அதை இத்தோடு விட்டு, அந்த நாவல் எனக்குள் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

ஒரு பெரிய வீடு. அதில் ஒரு முதியவர் இறந்துகிடக்கிறார். வீட்டுக்குள் ஆறு பேர். அந்த ஆறு பேரில் ஒருவனை, மருமகன் முறையில் இருந்த ஓர் இளைஞனை, இரண்டாம் அத்தியாயத்திலேயே நான் பிடித்துவிட்டேன். காரணம் என்ன? அவன் அதிகம் பேசமாட்டான். கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில். கடன் வேறு. அதற்குப் பிறகு அவன் எதைச் செய்தாலும் எனக்குச் சாட்சியமாகவே பட்டது. சாவு வீட்டில் அவன் அழவில்லை. பார்த்தீர்களா, கல்நெஞ்சன் என்றேன். மறுநாள் அழுதான், நடிக்கிறான் என்றேன். தூங்காமல் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்துக்கு வந்தேன். கொலை செய்தது அவன் இல்லை. எழுதியவர் நேர்மையாக எல்லாத் தடயங்களையும் முன்னாலேயே வைத்திருந்தார், நான்தான் பார்க்கவில்லை.

அப்போது எனக்குக் கோபம் வந்தது, அன்பானவர்களே. அந்தப் பையன்மேல். குற்றவாளியாக இல்லாமல் போய்விட்டானே என்று.

விளக்கை அணைத்துப் படுத்தும் தூக்கம் வரவில்லை. இந்தக் கோபத்தை எங்கேயோ முன்பு பார்த்திருக்கிறேன் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. எங்கே என்று ஞாபகம் வந்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் ஜெபக்குழுவில் காணிக்கைப் பணத்தில் கணக்கு உதைத்தது. புதிதாக வந்துகொண்டிருந்த ஒரு தம்பிமேல் என் எண்ணம் போயிற்று. அவனும் அதிகம் பேசாதவன். ஜெபம் முடிந்ததும் எல்லாருக்கும் முன்னால் கிளம்பிவிடுவான். என் சந்தேகத்தை இரண்டு பேரிடம் சொல்லவும் செய்தேன், "ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்" என்ற போர்வையில். பின்பு விஷயம் தெரிந்தது. ஒரு பகுதியை முன்கூட்டியே வங்கியில் கட்டியிருக்கிறார்கள், குறிப்பேட்டில் எழுத மறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு சகோதரன்மேல் பழி இல்லை என்று தெரிந்தால் உள்ளம் குளிர வேண்டுமல்லவா? என் உள்ளம் குளிரவில்லை. ஏமாந்தது. அன்று அதை நான் கவனிக்கவில்லை. ஒரு கற்பனைக் கதை வந்து காட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது.

ரொனால்ட் நாக்ஸ் என்று ஒரு கத்தோலிக்கக் குருவானவர் இருந்தார். லத்தீன் மூலத்திலிருந்து வேதாகமம் முழுவதையும் தனியொருவராக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். துப்பறியும் கதைகளும் எழுதினார். 1929-ல் அந்தக் கதைகளுக்கென்று பத்து விதிகளை வகுத்தார். அவற்றில் முதல் விதி இது: குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே வந்துவிட்டவராக இருக்க வேண்டும், ஆனால் யாருடைய எண்ணங்களின் கூடவே வாசகர் நடந்து வந்தாரோ, அவர் குற்றவாளியாக இருக்கக்கூடாது. வாசகரை ஏமாற்றக்கூடாது என்பதற்காக வைத்த விதி. கதைக்கு நல்ல விதி. ஆனால் அதை வாழ்க்கைக்குக் கொண்டுவந்து பாருங்கள். நான் யாருடைய எண்ணங்களின் கூடவே நடந்து வருகிறேன்? என்னுடையவை மட்டும்தான். அப்படியானால் என் கதையில் நான் ஒருபோதும் குற்றவாளி ஆக முடியாது! நான் ஏன் அப்படிச் செய்தேன், எவ்வளவு களைத்திருந்தேன், உள்ளுக்குள் என்ன நல்ல எண்ணம் வைத்திருந்தேன் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தத் தம்பியைப் பற்றி எனக்குத் தெரிந்ததோ அவன் சீக்கிரம் கிளம்பிவிடுவான் என்பது மட்டும்.

தாவீது ராஜாவுக்கும் இதுதான் நேர்ந்தது. தன் படைவீரனான உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைக் கொல்லும்படி எழுதிய கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்து அனுப்பியவர் அவர். எந்த நாவலாசிரியரும் இதைவிடக் கொடூரமான ஒரு திட்டத்தை யோசித்துவிட முடியாது. யுத்தத்தில் செத்தான் என்று காரியம் முடிந்துவிட்டது. பிறகு நாத்தான் தீர்க்கதரிசி வந்து ஒரு கதை சொல்கிறார். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்துச் சமைத்த ஐசுவரியவானின் கதை. கேட்ட மாத்திரத்தில் தாவீதுக்குக் கோபம் மூண்டு, அப்படிச் செய்தவன் மரணத்திற்குப் பாத்திரன் என்கிறார். அந்தக் கோபம் பொய்க் கோபம் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். கதைக்குள் இருக்கும் அநியாயம் அவருக்குப் பளிச்சென்று தெரிகிறது. தன் அரண்மனையில் இருப்பது தெரியவில்லை. "நீயே அந்த மனுஷன்" என்று தீர்க்கதரிசி சொன்ன பிறகுதான் தெரிகிறது.

இனி பெரிய வியாழன் இரவின் பந்திக்கு வருவோம். என் மனம் இந்த நாட்களில் அங்கேதான் இருக்கிறது.

மத்தேயு சுவிசேஷத்தை ஒரு மர்மக் கதையாக நினைத்து வாசித்தால், எழுதியவர் பெரிய தவறு செய்துவிட்டார் என்று தோன்றும். பத்தாம் அதிகாரத்திலேயே பன்னிரண்டு பேரின் பெயர்களையும் சொல்லி, கடைசியில் அவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ்காரியோத்து என்று முடிச்சை அவிழ்த்துவிடுகிறார். மாற்குவும் லூக்காவும் அப்படியே. யார் செய்தது என்பதை மறைத்துவைக்க அவர்களுக்கு விருப்பமே இல்லை. ஆனால் பந்தியிருக்கிறவர்களுக்கு அது தெரியாது. "உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்" என்று இயேசு சொல்கிறார். நானாயிருந்தால் என்ன செய்திருப்பேன்? கண்ணை ஓட்டியிருப்பேன். பணப்பை வைத்திருக்கிறவன் யார், முன்பு ஆயக்காரனாயிருந்தவன் யார், இன்று சரியாகச் சாப்பிடாதவன் யார் என்று பார்த்திருப்பேன்.

அவர்கள் கேட்டது வேறு. "மிகவும் துக்கமடைந்து: ஆண்டவரே, நானோ, நானோ?" என்று ஒவ்வொருவராய்க் கேட்டார்கள் என்று எழுதியிருக்கிறது. அவனோ என்று கேட்கவில்லை. தங்கள் எண்ணங்களின் கூடவே நடந்து வந்த மனிதர்கள், அந்த எண்ணங்களை நம்பாமல், தங்களைவிட அவர் தங்களை நன்றாக அறிவார் என்று அவரிடம் கேட்கிறார்கள். "என் நினைவுகளைத் தூரத்திலிருந்து அறிகிறீர்" என்ற 139-ஆம் சங்கீதத்தை அவர்கள் அந்தப் பந்தியில் வாழ்கிறார்கள். கூர்ந்து பார்த்தால் அங்கே ஒரு தடயமும் உண்டு. மற்றவர்கள் "ஆண்டவரே" என்கிறார்கள். யூதாஸ் மட்டும் "ரபீ, நானோ?" என்கிறான். ரபீ என்றால் போதகரே என்று அர்த்தம். மத்தேயு சுவிசேஷத்தில் அவன் வாயிலிருந்து ஒருமுறைகூட ஆண்டவரே என்ற வார்த்தை வருவதில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பின் முத்தமிடும்போதும் ரபீதான்.

மற்ற பதினொருவரின் கேள்விக்கும் விடை சுத்தமான 'இல்லை' என்று வரவில்லை என்பதையும் கவனியுங்கள். அந்த இரவே எல்லாரும் அவரை விட்டு ஓடிப்போனார்கள். பேதுருவோ குளிருக்குக் கரிநெருப்பு மூட்டியிருந்த இடத்தில் நின்றுகொண்டு, அவரை அறியேன் என்று மூன்றுதரம் சொன்னார்.

மர்ம நாவலில் கடைசியில் ஒரு காட்சி வரும். எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, துப்பறிபவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் ஒருவரை நோக்கி விரலை நீட்டுவார். அங்கே கதை முடிந்துவிடும். அந்த மனிதனுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கதை கேட்காது. அந்த நாவலை மூடிவைத்த இரவில் எனக்கு வேண்டியிருந்ததோ அந்தப் பிறகுதான். விரல் என் பக்கம் திரும்பிவிட்டது, இனி என்ன?

யோவான் 21-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். கடற்கரை, விடியற்காலம். கரையில் கரிநெருப்பு. கரிநெருப்பு என்பதற்கு யோவான் எழுதும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடத்தில் வருகிறது: பேதுரு மறுதலித்த முற்றத்தில் ஒன்று, இந்தக் கரையில் ஒன்று. அதே நெருப்பு, அதே மனிதன், கூட ஆட்கள். விரல் நீட்டுவதற்கு எல்லாம் தயாராக இருக்கிறது. ஆனால் இயேசு சொன்னது, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்பது. மீன் வெந்துகொண்டிருக்கிறது, அப்பம் இருக்கிறது. சாப்பிட்டு முடித்த பின்புதான் விசாரணை. அதுவும் மூன்றே கேள்வி, மூன்றும் ஒரே கேள்வி: என்னை நேசிக்கிறாயா? அன்று ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஒருதரமும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் நான் அந்த இரண்டு பேரையும் தேடிப்போய், சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். பிறகு அந்தத் தம்பியிடம் போனேன். அவனுக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை. நான் சொல்லித்தான் தெரிந்தது. வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, தான் சீக்கிரம் கிளம்புவது வீட்டில் படுத்த படுக்கையாய் இருக்கும் தாயாருக்கு மருந்து கொடுக்க நேரமாகிவிடும் என்பதால் என்று சொன்னான். நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மூன்றாந்தரம் கேட்கப்பட்டபோது பேதுரு துக்கப்பட்டார் என்று எழுதியிருக்கிறது. பந்தியில் "நானோ" என்று கேட்டபோது இருந்த அதே துக்கம். ஆனால் இப்போது அவர் சொல்வது, "ஆண்டவரே, நீர் எல்லாவற்றையும் அறிந்திருக்கிறீர்." அவ்வளவையும் அறிந்திருந்தவர்தான் அந்தக் காலையில் அவருக்கு மீன் சுட்டு வைத்திருந்தார்.