வாய்ப்புற்றில் கால்சியம்: கறுப்பை மட்டும் நம்பலாமா?

அவையோருக்கு வணக்கம். வாய்ப்புற்றுநோய்த் திசுவை ஹெமடாக்சிலின், இயோசின் சாயமேற்றிப் பார்க்கும்போது, கெரட்டின் முத்துகளின் (கெரட்டின் புரதம் உருண்டு திரண்ட இடங்களின்) நடுவிலோ, செல்கள் செத்துக் கிடக்கும் இடத்திலோ சிலசமயம் கருநீலத் துகள்கள் தென்படும். இரத்தத்தில் கால்சியம் சரியான அளவில் இருந்தாலும் இவை உருவாகும். செத்த செல்களின் சவ்வுத் துணுக்குகளில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து படிகமாகின்றன. இரத்தக் கால்சியம் ஏறி, நல்ல திசுவிலும் உப்பு படிவது வேறு நிலை.

நீலமெல்லாம் கால்சியம் ஆகிவிடாது. நொறுங்கிய உட்கருவும் பாக்டீரியாக் கூட்டமும் அப்படியே தெரியும். அதற்குத்தான் வான் கோஸா சாயம்; வெள்ளியைக் கொண்டு உப்புப் படிவைக் கறுப்பாக்கிக் காட்டும். மெழுகு நீக்கி, வாலைவடிநீரில் கழுவிய வெட்டின்மேல் (மெல்லிய திசுச் சீவலின்மேல்) 5 சதவீத சில்வர் நைட்ரேட்டை ஊற்றி, பளிச்சென்ற வெளிச்சத்தில் 20 நிமிடம் முதல் 1 மணி நேரம் வையுங்கள். நன்றாகக் கழுவி, 5 சதவீத ஹைப்போவில் (சோடியம் தயோசல்ஃபேட்டில்) 5 நிமிடம். மறுபடி கழுவி, நியூக்ளியர் ஃபாஸ்ட் ரெட் என்ற சிவப்புச் சாயத்தில் 5 நிமிடம். குழாய்த் தண்ணீரில் குளோரைடு இருப்பதால், வெள்ளி போட்ட வெட்டை அதில் கழுவினால் வெண்படிவு விழும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெள்ளி பிடிப்பது கால்சியத்தை அல்ல. அதோடு இருக்கும் பாஸ்பேட், கார்பனேட்டைத்தான். வெற்றிலையோடு போட்ட சுண்ணாம்பு காற்றுப்பட்டுக் கார்பனேட்டாகிறது. அது திசுவின் மேற்பரப்பில் ஒட்டியிருந்தாலும் கறுக்கும். ஆகவே கறுப்பு எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். தோல் நிறமியான மெலனினும், திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் விட்டுச்செல்லும் நிறமியும்கூடக் கருமையாய்த் தெரிந்து ஏமாற்றும். பக்கத்து வெட்டை 5 சதவீத ஃபார்மிக் அமிலத்தில் 10 நிமிடம் வைத்து, கழுவி, அதே சாயம் போடுங்கள். கறுப்பு மறைந்தால் அது உப்பு. மூன்றாவது வெட்டில், கால்சியத்தையே பிடிக்கும் சாயமான 2 சதவீத அலிசரின் ரெட் எஸ் போடுங்கள்; அதன் பிஎச் (அமிலத்தன்மை அளவு) 4.1 முதல் 4.3க்குள் இருக்கட்டும். நுண்ணோக்கியில் பார்த்தபடியே, செம்மஞ்சள் வந்ததும் நிறுத்துங்கள்.

இத்தனையும் வீணாகும் இடம் அதற்கு முந்தையது. தாங்கல் (பஃபர்) சேர்க்காத பழைய ஃபார்மலின் அமிலமாகி, சிறு படிவுகளைக் கரைத்துவிடும். 10 சதவீத நடுநிலை ஃபார்மலினே வேண்டும். தாடை எலும்போடு வந்த துண்டை அப்படியே எலும்பை மென்மையாக்கும் அமிலத்தில் போடாதீர்கள். மென்திசுவை முதலிலேயே தனியே எடுத்துவையுங்கள். திசு சீவும் கருவியான மைக்ரோடோமில் கரகரத்து வெட்டு கிழிந்தால், பிளாக்கின் (திசு பதித்த மெழுகுக் கட்டியின்) முகத்தை அமிலத்தில் நனைக்கும் பழக்கம் உண்டு. அடுத்து வரும் முதல் சில வெட்டுகளில் கால்சியமே இருக்காது. புது பிளேடு போட்டு, பிளாக்கைப் பனிக்கட்டியில் குளிரவைத்து, மெதுவாக வெட்டுங்கள்.