இங்கிலீஷ் வார்த்தையை வரிக்கடைசியில எங்கே உடைக்கிறது?

[திரை: வரியின் கடைசியில் இங்கிலீஷ் எழுத்தில் 'தெரபிஸ்ட்'. மூன்றாவது எழுத்துக்குப் பின் ஹைஃபன், மிச்சம் கீழ்வரியில்]

கீழ்வரியை மட்டும் வாசிச்சுப் பாருங்க: 'ரேப்பிஸ்ட்'. சிகிச்சை தர்றவர் பாலியல் குற்றவாளி ஆயிட்டார். ஹைஃபன் ஒரு எழுத்து தள்ளி, நாலாவதுக்குப் பின்னால வந்திருக்கணும்.

தமிழ் அச்சுல இந்தத் தொல்லை இல்லை. வரி நிறைஞ்சா ஹைஃபன்கூட இல்லாம உடைச்சுக்கலாம். புள்ளி வெச்ச எழுத்து அடுத்த வரிக்குத் தலையா வரக்கூடாது, அவ்வளவுதான். இங்கிலீஷ்ல முதல்ல சிலபிள், அதாவது ஒரே மூச்சில சொல்ற அசை, பார்க்கணும். உயிரெழுத்தை எண்ணாதீங்க, உயிரொலியை எண்ணுங்க. 'ஸ்ட்ரெங்த்ஸ்' 9 எழுத்து, ஒரே சிலபிள், உடைக்கவே முடியாது. 'ஏரியா' 4 எழுத்து, 3 சிலபிள்.

[திரை: 'பேப்பர்', 'கேபின்' அடுத்தடுத்து]

ரெண்டு உயிருக்கு நடுவுல ஒரே மெய் இருந்தா, முன்னாடி இருக்கிற உயிர் நெடிலா குறிலான்னு கேளுங்க. 'பேப்பர்'ல நெடில், அதனால நடு 'பி' அடுத்த வரிக்குப் போகும். 'கேபின்' நம்ம வாயில நீளுது, ஆனா இங்கிலீஷ்ல அது குறில். அங்கே 'பி' முதல் பாதியோட நிக்கும். நம்ம உச்சரிப்பை நம்பினா தப்பாகிற இடம் இதுதான்.

இரட்டை மெய்ல இன்னொரு பொறி. 'ரன்னிங்'ல ரெண்டாவது 'என்', விகுதி சேரும்போது வந்தது. ரெண்டு 'என்'னுக்கும் நடுவுல வெட்டலாம். 'காலிங்'ல ரெண்டு 'எல்'லும் மூலச்சொல்லோட சொத்து, பிரிக்காதீங்க.

[திரை: 'ப்ராஜெக்ட்', இரண்டு நிறங்களில்]

'ப்ராஜெக்ட்' பெயர்ச்சொல்லா வந்தா 'ஜே'வுக்குப் பின்னால உடையும். வினைச்சொல்லா வந்தா 'ஜே'வுக்கு முன்னால. எழுத்து ஒண்ணுதான், அழுத்தம் வேற.

கம்ப்யூட்டருக்கு அர்த்தம் தெரியாதே, அது என்ன செய்யும்? டெக்ங்கிற அச்சுக்கோப்பு மென்பொருளுக்காக ஃப்ராங்க் லியாங் 1983-ல ஸ்டான்ஃபோர்ட் ஆய்வேட்டில கொடுத்த வழி இது: சின்னச் சின்ன எழுத்துக்கோவைகள், நடுவுல எண்கள். ஒரே இடத்துக்குப் பல எண் வந்தா பெரிசுதான் செல்லும். ஒற்றைப்படைன்னா உடைக்கலாம், இரட்டைப்படைன்னா கூடாது. மொத்தம் 4,447 கோவை. அதுல அடங்காத 14 சொல்லுக்குத் தனிப்பட்டியல். 'ப்ராஜெக்ட்' அதுல உடையாத சொல்லாவே இருக்கு. தப்பா வெட்டறதைவிட வெட்டாம விடறது மேல். அதோட, வரியில குறைஞ்சது 2 எழுத்து நிக்கணும், கீழே 3 எழுத்தாவது போகணும். அதனால 'ஏரியா'வும் தப்பிச்சிடும்.

[திரை: கீபோர்டு]

வேர்டுல சாதா ஹைஃபனைத் தட்டிடாதீங்க. பத்தியைத் திருத்தினதும் அது வரி நடுவுல வந்து நிக்கும். கன்ட்ரோலோட ஹைஃபன் அழுத்துங்க; தேவைப்பட்டா மட்டும் தெரியும்.

வலைப்பக்கத்தோட தோற்றத்தைச் சொல்ற சிஎஸ்எஸ்ஸில 'ஹைஃபன்ஸ் ஆட்டோ' போட்டும் உடையலையா? பக்கத்தோட மொழியைக் குறிக்கிற 'லாங்' பண்புக்கூறைப் பாருங்க. பக்கம் முழுக்கத் தமிழ்னு குறிச்சிருந்தா, நடுவுல வர்ற இங்கிலீஷுக்கு உலாவி இங்கிலீஷ் விதியை எடுக்காது. அந்தப் பகுதியைத் தனி 'ஸ்பேன்' குறிக்குள்ள வெச்சு, மொழியை 'ஈஎன்'னு குறிங்க.